45 பாகையில் எறிந்த பந்து: 93 மீட்டரா, 86 மீட்டரா? காற்றுத்தடைக் கணக்கில் குழப்பம்

#1 பரவளையன்

எல்லோருக்கும் வணக்கம். விரிதாளில் எறிபொருள் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டது கிரிக்கெட் பந்து. நிறை 160 கிராம், விட்டம் 7.2 செ.மீ., காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம், இழுவைக் குணகம் (பொருளின் வடிவத்தையும் மேற்பரப்பையும் பொறுத்துத் தடை எவ்வளவு என்று காட்டும் எண்) 0.45. நொடிக்கு 37.8 மீட்டர் வேகத்தில், 45 பாகைக் கோணத்தில் எறிகிறேன். எறியும் மட்டமும் விழும் மட்டமும் ஒன்றுதான். பந்து சுழலவில்லை.

காற்றே இல்லை என்றால் 146 மீட்டர் போகிறது. சூத்திரத்தோடு ஒத்துப்போகிறது, அதில் சிக்கல் இல்லை. காற்றைச் சேர்த்ததும் என் விரிதாள் 93.5 மீட்டர் என்கிறது. இதே எண்களை நண்பர் எழுதிய நிரலில் கொடுத்தால் 86ஐக்கூடத் தொடவில்லை.

என் முறை இது: கிடைத்திசைக்கு ஒரு கணக்கு, செங்குத்துத் திசைக்குத் தனியாக ஒரு கணக்கு. கிடைத்திசையில் எதிர்முடுக்கம் = மாறிலி × கிடைவேகத்தின் வர்க்கம். செங்குத்தில் மாறிலி × செங்குத்து வேகத்தின் வர்க்கம், கூடவே புவியீர்ப்பு. மாறிலி இரண்டுக்கும் ஒன்றுதான், 0.00687. எங்கே உதைக்கிறது?

#2 நிரல்நேசன்

கால இடைவெளி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 0.1 நொடிக்கு மேல் என்றால் முதலில் அதைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

#3 பரவளையன்

0.01 நொடி. 0.005 ஆக்கியும் பார்த்தேன், 93.5 அசையவில்லை.

#4 பழைய வாத்தியார்

அப்படியானால் கணினி ஒழுங்காகத்தான் கூட்டியிருக்கிறது. நீங்கள் அதற்குக் கொடுத்த விசைதான் சரியில்லை தம்பி.

காற்றின் தடை, பந்து எந்தத் திசையில் போகிறதோ அதற்கு நேர் எதிராக இருக்கும். அளவு, மொத்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த ஒரே விசையை இரண்டு கூறுகளாகப் பிரித்தால் கிடைக்கூறு என்ன? மாறிலி × மொத்த வேகம் × கிடைவேகம். செங்குத்துக் கூறு மாறிலி × மொத்த வேகம் × செங்குத்து வேகம். நீங்கள் எழுதியதில் மொத்த வேகம் எங்குமே இல்லை. கூறுகளைத் தனித்தனியாக வர்க்கப்படுத்திவிட்டீர்கள்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. நீங்கள் எடுத்த 37.8 என்பது இந்தப் பந்தின் முற்றுத்திசைவேகமே. அதாவது அந்த வேகத்தில் தடையும் எடையும் சமம்; எதிர்முடுக்கம் 9.8 வரவேண்டும். பந்தை நேர் மேலே எறிந்தால் உங்கள் தாள் தடைக்கு 9.8 என்று சொல்லும். அதே வேகத்தில் 45 பாகை சாய்த்தால்? ஒவ்வொரு திசையிலும் 4.9, இரண்டையும் சேர்த்தால் 6.9. வேகம் மாறவில்லை, பந்து மாறவில்லை, தடை மட்டும் 30 விழுக்காடு குறைந்துவிட்டது. தாளில் நீங்கள் அச்சை எந்தப் பக்கம் வரைந்தீர்கள் என்பது காற்றுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் குறைந்த தடைதான் உங்களுக்கு ஏழெட்டு மீட்டரைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது.

#5 பரவளையன்

நன்றி ஐயா! மொத்த வேகத்துக்கு ஒரு பத்தி சேர்த்தேன். 85.8 மீட்டர். நண்பரின் நிரலும் அதையேதான் சொல்கிறது.

பாதையை வரைந்து பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கிறது. உச்சி 26.5 மீட்டர் (காற்று இல்லையென்றால் 36.4). உச்சி பாதித் தூரத்தில் இல்லை. 47 மீட்டருக்குப் பிறகுதான் வருகிறது. ஏறும்போது 45 பாகை, இறங்கும்போது 57 பாகை. தரையைத் தொடும்போது வேகம் 24 மீட்டர்தான். இடப்பக்கம் நீண்டு வலப்பக்கம் சரிந்த வளைவு. இனி இதைப் பரவளையம் என்று சொல்ல முடியாது, என் பெயரையே மாற்ற வேண்டும்போல.

#6 சும்மா வந்தவன்

ஒரு நிமிடம். தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்றுதானே ஸ்டோக்ஸ் விதி படித்தோம்? அப்படி எடுத்தால் இரண்டு திசையையும் பிரித்தே கணக்குப் போடலாமே. எதற்கு வர்க்கம்?

#7 தூக்கணாங்குருவி

பிரிக்கலாம், உண்மைதான். தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்றால் கிடைக்கூறு கிடைவேகத்தை மட்டும் சார்ந்திருக்கும், செங்குத்துக்கூறு செங்குத்து வேகத்தை மட்டும். கையாலேயே தீர்க்கக்கூடிய அழகான சமன்பாடு. பாடங்களில் அது இடம்பிடிப்பதற்குக் காரணமும் அந்த அழகுதான் என்பது என் சந்தேகம்.

ஆனால் 1851இல் ஸ்டோக்ஸ் கொடுத்த விதி, பாகுநிலையே (காற்றின் பிசுபிசுப்பே) எல்லாவற்றையும் ஆளும் இடத்துக்கு உரியது. ரெனால்ட்ஸ் எண் (வேகம் × விட்டம் ÷ இயக்கப் பாகுநிலை) 1க்குக் கீழே இருக்கவேண்டும். காற்றில் மிதக்கும் மூடுபனித் துளி, எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகன் ஆய்வின் எண்ணெய்த் துளி போன்றவை அந்த வகை. இந்தக் கிரிக்கெட் பந்துக்கு அந்த எண்ணைப் போடுங்கள்: வேகம் 37.8, விட்டம் 0.072, காற்றின் இயக்கப் பாகுநிலை 0.000015. சுமார் 1,80,000 வரும். இங்கே பந்து காற்றை மெல்ல வழுக்கிக்கொண்டு போவதில்லை. எதிரே உள்ள காற்றை இடித்து ஒதுக்குகிறது, பின்னால் சுழல்களை விட்டுச்செல்கிறது. ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்றின் நிறை வேகத்தைப் பொறுத்தது. அதற்குக் கொடுக்கும் உந்தமும் வேகத்தைப் பொறுத்தது. இரண்டும் பெருகி வர்க்கமாகிறது.

கையால் எறியும், மட்டையால் அடிக்கும் எதற்கும் வர்க்க விதிதான். நேர்விகித விதியைப் பந்துக்குப் போடுவது தேர்வுக்கு உதவலாம், பந்துக்கு உதவாது.

#8 சும்மா வந்தவன்

சரி, வர்க்கம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தோட்டாவைக் கிடையாகச் சுடுகிறோம், அதே உயரத்திலிருந்து இன்னொன்றைக் கையிலிருந்து விடுகிறோம், இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் என்பார்களே. அதுவும் பொய்யா?

#9 தூக்கணாங்குருவி

வெற்றிடத்தில் உண்மை. நேர்விகிதத் தடையிலும் உண்மை. வர்க்கத் தடையில் பொய். இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

வாத்தியார் எழுதிய செங்குத்துக் கூறை மறுபடி பாருங்கள்: மாறிலி × மொத்த வேகம் × செங்குத்து வேகம். கிடையாக விரையும் பொருளுக்கு மொத்த வேகம் பெரிது. ஆகவே அது கீழே இறங்கத் தொடங்கியதுமே, அந்த இறக்கத்துக்கும் கூடுதல் தடை விழுகிறது. சும்மா விட்டதுக்கு அந்தச் சுமை இல்லை. கிடையாகப் போவதுதான் பிந்தி விழும்.

எவ்வளவு பிந்தும் என்று மேசைப்பந்தை வைத்துக் கணக்குப் போட்டேன் (2.7 கிராம், விட்டம் 40 மி.மீ., குணகம் 0.47, சுழற்சி இல்லை). 2 மீட்டர் உயரம். வெற்றிடத்தில் விழ 0.64 நொடி. காற்றில் சும்மா விட்டால் 0.67. அதே பந்தைக் கிடையாக நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அடித்தால் 0.75 நொடிக்கு மேல். பத்தில் ஒரு பங்கு நொடியை ஒட்டிய வித்தியாசம். கைப்பேசியில் படம் எடுத்தாலே தெரிந்துவிடும். அடிக்கும்போது பந்து சுழலாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. சுழன்றால் மேலேயோ கீழேயோ தூக்கும் விசை வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

#10 சும்மா வந்தவன்

மேசைப்பந்தை எடுத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். குண்டு எறிதலில் காற்றை யாராவது கணக்கில் எடுப்பார்களா? பள்ளியில் 'காற்றுத்தடையைப் புறக்கணிக்க' என்று சொல்வதில் தப்பே இல்லை என்பேன்.

#11 நிரல்நேசன்

குண்டுக்குத் தப்பில்லைதான். 7.26 கிலோ, விட்டம் 12 செ.மீ. என்று எடுத்தால் அதன் முற்றுத்திசைவேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 150 மீட்டர். வீரர் எறிவது 14 மீட்டர் வேகத்தில். விகிதத்தை வர்க்கப்படுத்தினால், தொடக்கத்தில் தடை எடையில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. புறக்கணித்துவிட்டுப் போகலாம்.

நான் எப்போதும் முதலில் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான்: எறிவேகத்துக்கும் முற்றுத்திசைவேகத்துக்கும் உள்ள விகிதம். 'கனமான பொருளா', 'வேகமாகப் போகிறதா' என்று தனித்தனியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. விகிதம் பத்தில் ஒன்று என்றால் காற்றை மறக்கலாம். ஒன்று என்றால், பரவளையன் போட்ட கணக்குபோல, தூரத்தில் நாற்பது விழுக்காடு போய்விடும். ஒன்றைத் தாண்டினால் பாடநூல் சூத்திரத்தை மூடி வைத்துவிடலாம்.

இன்னொரு பயனுள்ள எண்: முற்றுத்திசைவேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, 0.69ஆல் பெருக்குங்கள். தடை மட்டும் செயல்பட்டால் வேகம் பாதியாகக் குறைய எவ்வளவு தூரம் ஆகும் என்பது மீட்டரில் கிடைக்கும். கிரிக்கெட் பந்துக்கு 101. மேசைப்பந்துக்கு 5.3. தொடக்க வேகம் எதுவானாலும் இந்தத் தூரம் மாறாது என்பதைக் கவனியுங்கள். இருமடங்கு வேகமாக அடித்தாலும் அதே 5.3 மீட்டரில் பாதியாகிவிடும்.

#12 மட்டைக்காரி

கிரிக்கெட் ஆட்களுக்காக ஒரு குறிப்பு: நொடிக்கு 37.8 மீட்டர் என்பது மணிக்கு 136 கி.மீ. ஆக வேகப்பந்து வீச்சில் பந்தைப் பின்னால் இழுக்கும் விசை, பந்தின் எடையளவுக்கே இருக்கிறது. நிரல்நேசன் சொன்ன 101 மீட்டரை வைத்துப் பார்த்தால், 18 மீட்டர் கடப்பதற்குள் வேகத்தில் சுமார் 12 விழுக்காடு போய்விடும். தரையில் குத்தி எழும்போது இழப்பது தனி. திரையில் காட்டும் வேகம் கையை விட்டதும் அளந்தது. மட்டையாளர் சந்திப்பது அதுவல்ல.

ஆனால் இதிலெல்லாம் அரசன் இறகுப்பந்துதான். ஐந்து கிராம் எடை, முற்றுத்திசைவேகம் நொடிக்கு 7 மீட்டர்கூட இல்லை. வேகம் பாதியாகும் தூரம் 3 மீட்டர் சொச்சம். 2023இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த சாதனை அடி மணிக்கு 565 கி.மீ. அந்தக் கணத்தில் தடை, எடையைப்போலச் சில நூறு மடங்கு! அதனால்தான் அவ்வளவு வேகத்தையும் எதிராளியால் திருப்பி அடிக்க முடிகிறது. உயரத் தூக்கி அடித்த இறகுப்பந்தின் பாதையைப் பாருங்கள்: முதலில் நேர்க்கோடு மாதிரி ஏறும், மேலே சட்டென்று வளையும், பிறகு கிட்டத்தட்ட நேர் கீழே விழும்.

#13 பழைய வாத்தியார்

மட்டைக்காரி சொல்லும் அந்த வடிவத்தை, 1537இல் இத்தாலியக் கணித அறிஞர் தார்த்தாலியா பீரங்கிக் குண்டுக்கே விவரித்திருக்கிறார்: ஒரு நேர்க்கோடு, ஒரு வில், பிறகு நேர் கீழே. காரணம் தவறு, இயக்கத்தைப் பற்றிய பழைய கோட்பாட்டிலிருந்து வந்தது. ஆனாலும் வேகமான குண்டின் உண்மைப் பாதை, சமச்சீரான பரவளையத்தைவிட அந்தக் கோணல் படத்துக்குத்தான் பல சமயம் நெருக்கம். 1638இல் பரவளையத்தை நிறுவிய கலிலியோவே, துப்பாக்கி வேகங்களுக்கு இது பொருந்தாது என்று எச்சரித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டுப் பரவளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதை உடைத்தவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கண்டார். வெவ்வேறு தொலைவில் கட்டையை வைத்தால் வழியில் எவ்வளவு வேகம் போனது என்றும் தெரிந்துவிடும். 1742இல் அவர் வெளியிட்ட முடிவு அன்றைய பீரங்கிக்காரர்களைத் தூக்கிவாரிப் போட்டது: தடை, குண்டின் எடையைப்போலப் பல மடங்கு. மூன்றே ஆண்டில் கணித அறிஞர் ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமாக விளக்கமும் எழுதிவிட்டார்.

#14 பரவளையன்

அருமை ஐயா. இன்னொரு சந்தேகம். பந்தை நேர் மேலே எறிந்தால், காற்று இருக்கும்போது ஏறும் நேரம் அதிகமா, இறங்கும் நேரம் அதிகமா? மொத்த நேரம் கூடுமா, குறையுமா? காற்று இறக்கத்தைத் தாமதப்படுத்துகிறது, அதனால் மொத்தமும் கூடும் என்று தோன்றுகிறது.

#15 பழைய வாத்தியார்

கூடாது, குறையும். இறக்கம் தாமதமாவது உண்மை. ஆனால் பந்து ஏறும் உயரமே குறைந்துவிடுகிறதே!

அதே பந்து, அதே 37.8 வேகம், நேர் மேலே. காற்று இல்லாமல் ஏற 3.86 நொடி, இறங்க 3.86 நொடி, உயரம் 73 மீட்டர். காற்றில் உயரம் 50.5 மீட்டர்தான். ஏற 3.03, இறங்க 3.40. இறக்கம் ஏற்றத்தைவிட நீளம். இரண்டையும் கூட்டினாலும் வெற்றிடக் கணக்கைவிடக் குறைவு. ஏறும்போது தடையும் புவியீர்ப்பும் ஒரே பக்கம் இழுக்கின்றன, இறங்கும்போது ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. ஆகவே ஒரே உயரத்தை எடுத்துக்கொண்டால், கீழே வரும்போது பந்து எப்போதும் மெதுவாகத்தான் கடக்கும். கைக்குத் திரும்பும் வேகம், எறிவேகத்தை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தது: 26.7.

(2இன் வர்க்கமூலம் வந்தது, எறிவேகமும் முற்றுத்திசைவேகமும் சமமாக இருப்பதால் மட்டுமே. வேறு வேகத்துக்கு அதை அப்படியே போட்டுவிடாதீர்கள்.)

#16 மட்டைக்காரி

எறிகோணம் பற்றி யாரும் பேசவில்லையே? காற்று இருந்தால் 45க்குக் கீழே எறிய வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

#17 நிரல்நேசன்

பரவளையனின் எண்களோடு 40 பாகைக்கு ஓட்டிப் பார்த்தேன். 86.4 மீட்டர். 45க்கு 85.8. உச்சமான கோணம் 41ஐ ஒட்டி இருக்கும். ஆகப் பயிற்சியாளர் சொல்வது சரிதான், ஆனால் கிடைக்கும் லாபம் முக்கால் மீட்டர்கூட இல்லை. உச்சத்தை ஒட்டி வளைவு தட்டையாக இருப்பதால், ஐந்து பாகை தவறினாலும் பெரிய நட்டமில்லை. என்னைக் கேட்டால், கை எந்தக் கோணத்தில் அதிக வேகம் கொடுக்கிறதோ அந்தக் கோணத்தில் எறியுங்கள். அது பெரும்பாலும் 45க்குக் கீழேதான் இருக்கும். அதற்குக் காரணம் தோள்.

#18 தூக்கணாங்குருவி

தலைகீழான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1918இல் ஜெர்மானியர்கள் பாரிஸ் நகரைச் சுமார் 120 கி.மீ. தொலைவிலிருந்து சுட்ட பீரங்கி. அதை 50 பாகைக்கும் மேலே உயர்த்திச் சுட்டார்கள். குண்டு சீக்கிரமாக அடர்ந்த காற்றைத் தாண்டி, ஏறத்தாழ 40 கி.மீ. உயரம் போய், காற்று மிக மெலிந்த இடத்திலேயே பெரும்பகுதித் தூரத்தைக் கடந்தது. தடை கோணத்தைக் குறைக்கச் சொல்கிறது என்பது காற்றின் அடர்த்தி மாறாதவரை மட்டுமே.

#19 நிரல்நேசன்

பீரங்கிப் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. மொத்த வேகம் இரண்டு சமன்பாட்டிலும் புகுந்துகொள்வதால், சாய்வாக எறிந்த பொருளின் பாதைக்குப் பாடநூல் சூத்திரம்போல எளிய விடை கிடையாது. சிறுசிறு கால அளவுகளாக நகர்த்தித்தான் ஆகவேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் சுடுபட்டியல்களுக்கு (எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு எங்கே விழும் என்ற அட்டவணைகள்), ஒரே ஒரு பாதையை மேசைக் கணிப்பொறியில் போட சுமார் 20 மணி நேரம் பிடித்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பட்டியல்களுக்காகத்தான் எனியாக் என்ற மின்னணுக் கணினியையே கட்டினார்கள். 1946இல் உலகுக்குக் காட்டினார்கள். அரை நிமிடத்தில் ஒரு பாதை. பரவளையன் விரிதாளில் செய்வதும் அதே வேலைதான்.

#20 சும்மா வந்தவன்

எல்லாம் சரி, இழுவைக் குணகம் 0.45 என்று ஆரம்பத்திலிருந்து யாரும் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அது மாறவே மாறாதா?

#21 தூக்கணாங்குருவி

மாறும். இந்தக் கணக்குகளில் மிகவும் தளர்வான எண் அதுதான். வழவழப்பான கோளத்துக்கு ரெனால்ட்ஸ் எண் சில ஆயிரத்திலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் வரை 0.4க்கும் 0.5க்கும் இடையிலேயே இருக்கும். 3 லட்சத்தை ஒட்டிச் சட்டென்று சரியும். பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப்படலம் கொந்தளிப்பாக மாறி, பந்தின் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டே போகிறது. பின்னால் விழும் வெற்றுப்பகுதி சுருங்குகிறது. தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் இந்தச் சரிவு குறைந்த வேகத்திலேயே வரும். கோல்ஃப் பந்தின் குழிகள் அதற்காகத்தான். வழவழப்பான பந்தைவிடக் குழிப் பந்து ஏறத்தாழ இருமடங்கு தூரம் போகும் (பின்சுழற்சியால் வரும் தூக்குவிசைக்கும் அதில் பங்குண்டு).

கிரிக்கெட் பந்தின் 1,80,000 அந்த வாசலுக்கு அருகில்தான் இருக்கிறது. தையல் எப்படி நிற்கிறது, ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து 0.45 ஆட்டம் காணும். ஆகவே 85.8இன் அந்த .8ஐ யாரும் நம்ப வேண்டாம். ஒலியின் வேகத்தை நெருங்கும் தோட்டாக்களில் நிலை எதிர்மாறு, அங்கே குணகம் திடீரென்று ஏறும்.

#22 பரவளையன்

கடைசியாக ஒன்று. எதிர்க்காற்று வீசினால் விரிதாளில் எதை மாற்றுவது? கிடைவேகத்தோடு காற்றின் வேகத்தைக் கூட்டிவிடலாமா?

#23 நிரல்நேசன்

தடைக்கான பத்திகளில் மட்டும். பந்தின் வேகத்திலிருந்து காற்றின் வேகத்தைத் திசையோடு கழித்து, காற்றைச் சார்ந்த வேகம் என்று இரண்டு புதிய பத்திகள் போடுங்கள். மொத்த வேகத்தையும் அவற்றிலிருந்தே எடுங்கள். முடுக்கம் வந்ததும் அதைப் பந்தின் உண்மையான வேகத்தில் சேருங்கள். இடம் நகர்வதும் உண்மையான வேகத்தில்தான்.

குறியில் கவனம். உங்கள் பழைய தாளில் வர்க்கம் போட்டிருந்ததால், இறங்கும்போது குறியைக் கையால் மாற்றியிருப்பீர்கள். மொத்த வேகம் × கூறு என்று எழுதினால் அந்த வேலை இல்லை, கூறின் குறி தானாகவே வந்துவிடும். பின்காற்று பந்தைவிட வேகமாக வீசினால் தடையே பந்தை முன்னே தள்ளும். மேசைப்பந்தை வைத்துச் சோதித்தால் அது முதல் இரண்டு நொடிக்குள்ளேயே தெரியும்.